அகலப் படத்தில் ஓர் அன்றாட நகரம்

மனிதனுடைய இரு கண்களும் சேர்ந்து, தலையைத் திருப்பாமலே, ஏறக்குறைய அரை வட்ட அளவு காட்சியை உள்வாங்குகின்றன. நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் தெரிந்தாலும், ஓரத்தில் ஏதேனும் அசைந்தால் கண் உடனே அறிந்துகொள்கிறது. காமிராவின் கண்ணோ மிகக் குறுகியது. சாதாரணக் காமிரா அவ்வரை வட்டத்தில் நாலில் ஒரு பங்கு அளவையே பிடிக்க வல்லது. ஆகவே, எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைப் படமெடுப்பவர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலோர் கொள்வது அழகிய கோபுரம், ஊர்வலத்தில் வரும் தலைவர், மணமேடை ஆகியவற்றை. தள்ளுவதோ கோபுரத்தை ஒட்டிய ஓட்டு வீடு, தலைவரைப் பாராமல் கடலை விற்றுக்கொண்டிருப்பவர், மேடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுபவர் ஆகியோரை. ஐம்பது ஆண்டு கழித்து அந்த ஊரின் வரலாற்றை எழுத வருபவர் ஆவலோடு தேடுவது, பல வேளைகளில், தள்ளப்பட்ட இந்தப் பகுதியைத்தான்.

குறுகிய பார்வை என்னும் இக்குறையை நீக்கத் தோன்றியதே அகலப் படம். மேனாட்டார் இதனைப் ‘பனோரமா’ என்பர். ‘எல்லாவற்றையும் காணல்’ என்னும் பொருள்பட, இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி ஆக்கிய பெயர் அது. பெயர் இவ்வளவு பெரிதாக இருந்தும், நீண்ட காலம் அது எல்லாவற்றையும் காண முற்படவில்லை. பெரியவற்றை மட்டுமே கண்டது. சாதாரணத் தெருவும் கொல்லைப்புறமும் தொழிற்சாலைச் சுவரும் அகலப் படத்துக்குரிய பொருளாவதற்கு, போரில் வலக்கையை இழந்த ஒரு புத்தகம் கட்டும் தொழிலாளி பிராக் நகரத்தில் காமிராவைத் தூக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் யோசெப் சுடெக்.

சுடெக்கின் பணியை அறியுமுன் அவர் கைக்கு வந்த கருவியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

புகைப்படம் பிறக்குமுன்பே பனோரமா பிறந்துவிட்டது. ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், பார்ப்பவரைச் சூழ்ந்து நிற்கும் வட்ட ஓவியத்துக்கான உரிமையை 1787ஆம் ஆண்டில் பிரிட்டனில் பதிவு செய்தார். பின்னர் லண்டனில் அதற்கெனத் தனி வட்டக் கட்டடமே எழுப்பினார். மக்கள் காசு கொடுத்து உள்ளே சென்று, நடுமேடையில் நின்று, சுற்றிலும் விரிந்த நகரங்களையும் போர்க்களங்களையும் கண்டு வியந்தனர். இவ்வகைப் படங்களுள் தென்னாட்டைப் பற்றியதும் ஒன்று உண்டு. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரை ராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளைஞர் ஏறக்குறைய 120 அடி நீளத் திரையில் வரைந்து 1800இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதிற்று. வென்றவர் நாட்டில், வென்றவர் மகிழத் தீட்டப்பட்ட படம் அது. அகலம் மிகுந்திருந்ததேயன்றி, அதில் தோற்றவர் பார்வைக்கு இடம் இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

புகைப்பட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1843இல், ஆஸ்திரியாவைச் சேர்ந்த யோசெப் புக்பெர்கர் என்பவர் லென்சு பக்கவாட்டில் திரும்பும் காமிரா ஒன்றுக்கு உரிமை பெற்றார். அதனை அடுத்துப் பாரிசில் பிரெடரிக் ஃபன் மார்ட்டன்ஸ் என்பவரும் அத்தகைய கருவி ஒன்றைச் செய்து, வளைத்த உலோகத் தகட்டில் 150 பாகை அளவு காட்சியைப் பதிவு செய்தார். வளைந்த தகட்டைச் செய்வதும் மருந்திட்டுக் கழுவுவதும் பெருந்தொல்லையாயிருந்தன. ஆதலால் பலர், நேர்த் தகடுகளில் அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒட்டவைக்கும் வழியையே நாடினர். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் சான் பிரான்சிஸ்கோ நகரக் குன்றின் உச்சியில் நின்று, 13 தகடுகளில் அந்நகரம் முழுவதையும் சுற்றிப் படமெடுத்தார். ஒட்டிவைத்தால் 17 அடி நீளம். செல்வர் மாளிகைகளைக் காட்டுவதே நோக்கம் போலும். ஆயினும் 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் அந்நகரை அழித்த பின்னர், அப்படத்தில் மாளிகைகளுக்கிடையே தற்செயலாய் விழுந்திருந்த எளிய வீடுகளும் துணிகாயும் முற்றங்களும்தாம் ஒரு நகரம் எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்றாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுருள் பிலிம் வந்ததும் தொல்லை நீங்கிற்று. வளையக்கூடிய பிலிம் இருக்க, வளைந்த தகடு எதற்கு? அமெரிக்காவில் 1898இல் ‘அல்-விஸ்டா’ என்னும் காமிராவும், 1899இல் ஈஸ்ட்மன் நிறுவனத்தின் ‘பனோரம் கோடாக்’ காமிராவும் விற்பனைக்கு வந்தன. கோடாக் காமிராவின் அமைப்பு மிக எளிது. பெட்டியின் உட்புறப் பின்சுவர் அரைவட்டமாய் வளைந்திருக்கும். பிலிம் அதன்மீது படிந்திருக்கும். முன்னே லென்சு ஓர் அச்சில் திரும்பும். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் லென்சு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுழன்று, தன் பின்னாலுள்ள மெல்லிய பிளவு வழியே ஒளியைப் பிலிமின்மீது தடவிச் செல்லும். வண்ணம் பூசுபவர் தூரிகையைச் சுவரில் ஒரே இழுப்பாய் இழுப்பதுபோல என்று கொள்ளலாம். பெரிய அளவுக் காமிராவில் கிடைத்த படம் 12 அங்குல நீளம், 3½ அங்குல உயரம். அதில் அடங்கிய காட்சி ஏறக்குறைய 142 பாகை.

விடுமுறை நாட்களில் மலைக்கும் கடலுக்கும் செல்வோர் இதனை வாங்கினர். தொழில் முறையாளருக்கு வேறொரு கருவி வந்தது. 1904இல் உரிமை பெற்ற ‘சர்க்கட்’ காமிராவில் லென்சு மட்டுமன்றிக் காமிரா முழுவதுமே முக்காலியின்மேல் சுழலும். பள்ளி மாணவர், படைப்பிரிவினர், மாநாட்டுப் பேராளர் என நூற்றுக்கணக்கானோர் வரிசையாய் நிற்கும் நீண்ட குழுப் படங்கள் இக்காமிரா தந்தவை. பழைய பள்ளிகளின் மண்டபச் சுவர்களில் அவற்றை இன்றும் காணலாம். காமிரா ஒரு முனையிலிருந்து மெல்லச் சுழன்று வருகையில், குறும்புக்கார மாணவன் ஒருவன் வரிசைக்குப் பின்னால் ஓடி மறுமுனையில் போய் நின்று, ஒரே படத்தில் இரண்டு இடத்தில் தோன்றுவதும் உண்டு. அத்தகைய படங்களில் உயிருள்ள முகம் அவனுடையதாகவே இருக்கும்!

1920களின் இறுதிக்குள் கோடாக் பனோரம் காமிராக்களின் உற்பத்தி நின்றது. பழைய கருவிகள் பரண்மேல் ஏறின. அவற்றுள் ஒன்று எப்படியோ சுடெக்கின் கைக்கு வந்தது.

யோசெப் சுடெக் 1896ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பொஹீமியாவில் கொலீன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. சிறுவயதிலேயே தந்தையை இழந்த சுடெக், பிராக் நகரில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றார். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டு இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வலக்கையில் காயமுற்றார். காயம் முற்றியதால் மருத்துவர்கள் கையைத் தோளோடு அகற்றினர். புத்தகம் கட்டுபவருக்கு இரண்டு கையும் வேண்டும். அத்தொழில் முடிந்தது. எழுத்தர் வேலை தர முன்வந்தனர். அவர் அதை ஏற்கவில்லை. போரில் ஊனமுற்றோர் தங்கும் இல்லத்திலும் மருத்துவமனைகளிலும் சில ஆண்டுகள் கழித்தபோது, முன்னமே பழகியிருந்த காமிராவை மீண்டும் எடுத்தார். 1922 முதல் 1924 வரை பிராக் அரசினர் வரைகலைப் பள்ளியில் கார்ல் நோவாக் என்னும் ஆசிரியரிடம் முறையாகப் பயின்றார்.

1926இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் அவர் வரலாற்றைக் கடப்பதற்கில்லை. செக் இசைக்குழுவைச் சேர்ந்த நண்பர்களுடன் அவர் இத்தாலிக்குச் சென்றார். இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வெளியேறி, இருட்டில் வழி தேடி நடந்து, விடியும் வேளையில் தாம் கையை இழந்த அந்த வயல்வெளியைக் கண்டுபிடித்தார். அன்று தம்மைத் தூக்கிச் சென்ற குடியானவர் வீடு அப்படியே நின்றது. கை மட்டும் அங்கே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்தே பிராக்கிற்குத் திரும்பினார். அதன் பின்னர் வெளிநாட்டுப் பயணத்தை அவர் நாடவில்லை. வாழ்நாள் முழுவதும் பிராக்கும் அதனைச் சுற்றிய நிலமுமே அவர் உலகமாயின.

பிராக்கின் ‘மாலா ஸ்ட்ரானா’ பகுதியில், வீடுகள் சூழ்ந்த ஒரு முற்றத்தில் நின்ற மரக்குடிலை அவர் 1927இல் பணிக்கூடமாக்கிக்கொண்டார். வருவாய்க்காகக் கண்ணாடிப் பாத்திரங்களையும் பீங்கானையும் விளம்பரத்துக்குப் படமெடுத்தார். அக்கலையில் அவருக்கு நல்ல பெயர். 1928இல் புனித வைட்டஸ் பேராலயத்தின் கட்டுமானப் பணியைக் காட்டும் 15 படங்களை வெளியிட்டார். அவற்றுள்ளும் தூண்களின் பெருமைக்கு நிகராகக் கல்குவியலும் கைவண்டியும் கட்டுமானச் சாமானும் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். பெரியதன் அருகில் கிடக்கும் சிறியதைப் பார்க்கும் கண் அப்போதே அவருக்கு இருந்தது.

1939இல் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தனர். தெருவில் காமிராவோடு திரிவது ஆபத்தாயிற்று. சுடெக் தம் குடிலுக்குள் ஒடுங்கினார். ஒடுங்கியவர் சும்மாயிருக்கவில்லை. குடிலின் சன்னலையே படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனி, ஒழுகும் மழைத்துளி, வெளியே நின்ற கோணல் மரம், உட்புறத்தில் ஒரு கோப்பை நீர் ஆகியவையே பொருள். 1940இல் தொடங்கிய இவ்வரிசை 1954 வரை நீடித்தது. ஒரே சன்னலைப் பதினான்கு ஆண்டு பார்த்தவர் அவர். அந்த 1940ஆம் ஆண்டிலேயே இன்னொரு முடிவும் செய்தார். பெரிய நெகட்டிவை நேரே தாளின்மேல் வைத்து அச்சிட்ட சிலைப் படம் ஒன்றைக் கண்டு, அதன் நுட்பத்தில் மனம் பறிகொடுத்து, இனிப் படங்களைப் பெருக்கிப் பதிப்பதில்லை என உறுதி கொண்டார். நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. ஆகவே பெரிய படம் வேண்டுமானால் பெரிய காமிராவைத் தூக்க வேண்டும். இரு கையுள்ளவரே தயங்கும் பாரம் அது!

போர் முடிந்தது. சன்னலுக்குள் ஒடுங்கியிருந்த கண் வெளியே வந்தது. குறுகிய சட்டத்தில் ஆண்டுக்கணக்கில் பழகிய அவர், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரை நூற்றாண்டுப் பழமையுள்ள கோடாக் பனோரமாக் காமிராவைத் தூக்கிக்கொண்டு நகரம் முழுவதும் நடக்கலானார். 30 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமுமுள்ள அந்தப் படங்களை எடுக்கும்படி எவரும் அவரை ஏவவில்லை. காலையில் முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூனிய உடலோடு புறப்படும் அவரைப் பிராக் மக்கள் நன்கு அறிந்திருந்தனர். இடக்கையால் செய்ய முடியாததைப் பல்லால் கடித்துப் பிடித்துச் செய்தார். சில வேளைகளில் உதவியாளர் உடன் வருவர். ஒரு நாள், இரு நாள் அன்று. ஆண்டுக்கணக்காக இது நடந்தது.

அப்பழங்கருவியைப் பழக்குவது எளிதன்று. அது நேர்கோட்டை நேராகக் காட்டாது. வளைந்த பிலிமில் பதிந்ததைத் தட்டைத் தாளில் விரிக்கும்போது, காமிராவுக்கு எதிரே குறுக்காகச் செல்லும் சாலை நடுவில் புடைத்து இரு கோடிகளிலும் பின்வாங்கி வில்லைப்போல் வளையும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மீனின் முதுகுபோல் தோன்றும். காமிரா சிறிது குனிந்தாலோ நிமிர்ந்தாலோ அடிவானமே வளைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் சமமட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். லென்சு சுழலும் திசையிலேயே ஒருவர் நடந்து சென்றால் அவர் உருவம் பக்கவாட்டில் நீளும். எதிர்த்திசையில் நடந்தால் ஒல்லியாகிவிடும். விடுமுறைப் பயணிகள் இக்கோளாறுகளைக் கண்டு சிரித்துவிட்டுக் காமிராவைப் பரணில் போட்டனர். சுடெக் இவற்றைக் கோளாறு என ஒதுக்காமல், கருவியின் இயல்பு எனக் கொண்டார். ஆறு தானே வளையும் இடத்தில் கருவியின் வளைவு தெரியாது. சாலை இரண்டாகப் பிரியும் மூலையில் நின்றால் இரு கிளையும் பார்ப்பவரை அணைக்க வருவதுபோல் அமையும். பூங்காவின் மரங்கள் வளைகோட்டை மறைத்துவிடும். எங்கே நிற்க வேண்டும் என்பதே அவர் ஆண்டுக்கணக்கில் கற்ற பாடம்.

அவர் படங்களில் மனிதர் மிகக் குறைவு. அன்றாட வாழ்வைக் காட்டும் படத்தில் மனிதர் இல்லாதிருப்பது முரண் எனச் சிலர் கருதக்கூடும். காரணம் கேட்டவர்களிடம் அவர் எளிமையாகவே விடை சொன்னார். எல்லாவற்றையும் சரிசெய்ய அவருக்கு நேரமாகும். அதற்குள் அங்கிருந்தவர் போய்விடுவர். போனவரைத் துரத்திப் பிடித்துவந்து நிறுத்த முடியுமா? இவ்விடையில் நகைச்சுவை பாதி, உண்மை பாதி. ஒற்றைக் கையின் தாமதம் அவர் கலையின் தன்மையாகவே மாறிற்று. மனிதர் போன பின்னர் அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு, ஈரத்தில் பதிந்த சக்கரத் தடம், வேலிமேல் உலரும் துணி, சுவரில் சாய்த்த ஏணி ஆகியவை எஞ்சி நின்றன. அவை இருக்கும்போது ஆட்கள் இல்லாதது குறையாகத் தெரியவில்லை.

அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் நிலைமையையும் இங்கு நினைக்க வேண்டும். 1948 பிப்ரவரியில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், கலைஞர்களிடம் அரசு எதிர்பார்த்தது நிமிர்ந்த மார்புடைய தொழிலாளியையும் நிறைந்த விளைச்சலையும் கொடி பறக்கும் ஊர்வலத்தையும்தான். பிராக்கில் ஆற்றங்கரை மேட்டின்மேல் ஸ்டாலினுக்கு மாபெரும் கற்சிலை 1955இல் எழுப்பப்பட்டது. நகர் எங்கிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பது கருத்து. அதே ஆண்டுகளில் சுடெக் நகரின் கடைகோடிக்கு நடந்துகொண்டிருந்தார். நகரம் முடிந்து வயல் தொடங்கும் இடம், புகைபோக்கிகள், சிறு காய்கறித் தோட்டங்கள், பாதி கட்டி நின்ற வீடுகள் ஆகியவற்றின் முன் முக்காலியை நிறுத்தினார். அவர் எதிர்ப்புக் காட்டினார் என்று சொல்வது மிகை. அவர் அரசியல் பேசியவர் அல்லர். தமக்குப் பிடித்ததைச் செய்தார்; கேட்டவரிடம் அவசரம் வேண்டாம் என்றார்; மாலையில் நண்பர்களைக் கூட்டி இசைத்தட்டுகளைக் கேட்டார். ஸ்டாலின் சிலையை 1962இல் அதே அரசு வெடி வைத்துத் தகர்த்தது என்பதும் உண்மை. சுடெக்கின் வேலிகளும் தோட்டங்களும் தாளில் நிலைத்தன என்பதும் உண்மை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

1959ஆம் ஆண்டில் ‘பனோரமாப் பிராக்’ என்னும் பொருளுடைய பெயரில் அவருடைய 284 அகலப் படங்கள் நூலாக வெளிவந்தன. வெளியிட்டது அரசுப் பதிப்பகமே. 1984இல் நோபல் பரிசு பெறவிருந்த கவிஞர் யாரஸ்லாவ் செய்பர்ட் அதற்குக் கவிதை தந்தார். நூலின் வடிவமே நீளமானது. ஒரு பக்கத்தில் ஒரு நீண்ட படம். கோட்டையும் சார்லஸ் பாலமும் வல்ட்டாவா ஆறும் அதில் உண்டு. ஊரைக் காண வரும் பயணி விரும்பும் எதுவும் விடுபடவில்லை. ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட நகரின் நடுவை விட்டு அதன் விளிம்பை நோக்கிப் படங்கள் நகர்கின்றன. கோட்டையைப் பிடித்த அதே அகலத்தில், அதே பொறுமையில், ஒரு பெயரற்ற சந்தும் பிடிக்கப்பட்டிருக்கிறது. கோட்டைக்கு இரண்டு பக்கம், சந்துக்கு ஒரு மூலை என்ற கணக்கு அங்கே இல்லை. நகரத்தை இத்தகைய சமநோக்குடன் பார்த்த நூல்கள் அரியன. 

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் காமிராவில் சந்தைப் படமெடுத்தவர்கள் சுடெக்குக்கு முன்னும் இருந்தனர். அவர்கள் சந்தில் அழகான ஒரு வாசலையோ இரக்கத்துக்குரிய ஒரு முகத்தையோ தேர்ந்தெடுத்தனர். அகலக் காமிராவில் அவ்வாறு தேர்ந்தெடுக்க முடியாது. 140 பாகைக்குள் அழகான வாசல் வரும்போது அதன் பக்கத்திலுள்ள குப்பைத் தொட்டியும் வரும், தொலைவில் நிற்கும் புகைபோக்கியும் வரும், வானமும் வரும். எடுப்பவருடைய விருப்பம் நடுவில் நின்றாலும் ஓரங்கள் அவர் ஆட்சிக்கு உட்படா. கலைஞர்க்கு இது தொல்லை. வரலாற்றுக்கோ இது வரம். சுடெக் கலைஞர், வரலாற்றாசிரியர் அல்லர். ஆயினும் அந்தத் தொல்லையை விரும்பி ஏற்றுக்கொண்டதில்தான் அவர் தனித்து நிற்கிறார்.

அரசு அவரைப் புறக்கணிக்கவில்லை. 1961இல் ‘சிறப்புக் கலைஞர்’ என்னும் பட்டம் அளித்தது. புகைப்படக் கலைஞர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 1976ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், 80ஆம் வயதில் அவர் மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கைக்கு நிகராய் அன்பு காட்டிய உடன்பிறந்தாள் பொஷேனா நெடுங்காலம் அவருக்குத் துணையாயிருந்தார். மரக்குடில் 1985இல் எரிந்து போயிற்று. பின்னர் அதே இடத்தில் பழைய வடிவிலேயே புதிதாய்க் கட்டி, 2000ஆம் ஆண்டில் படக்கூடமாகத் திறந்தனர்.

ஆனால், அவருடைய அகலப் படங்களில் மிக ஆழமானவை என்று சொல்லத்தக்கவை அவர் உயிரோடிருந்தபோது நூலாக வரவில்லை.

பிராக்கிற்கு வடமேற்கே, ஜெர்மன் எல்லையை ஒட்டி, மோஸ்ட் என்னும் பழைய நகரம் இருந்தது. அந்த வட்டாரம் முழுவதும் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி. திறந்த சுரங்கங்கள் ஊர் ஊராய் விழுங்கிக்கொண்டு முன்னேறின. சுடெக் 1957 முதல் 1962 வரை பலமுறை அங்கே சென்று, அதே பழைய பனோரமாக் காமிராவில் படமெடுத்தார். பட்டுப்போன மரங்கள், சேற்றில் பதிந்த வண்டித் தடங்கள், மண்மேடுகள், புகை கக்கும் ஆலைகள், அவற்றுக்கிடையே இன்னும் குடியிருப்போர் உள்ள வீடுகள் ஆகியவை இவற்றில் உள்ளன. பிராக்கில் ஆற்றையும் மரத்தையும் அணைத்துக்கொண்ட அதே வளைகோடு இங்கே வெட்டிய நிலத்தின் காயத்தைத் திறந்து காட்டுகிறது. இவ்வரிசைக்கு அவர் இட்ட பெயர் ‘துயர நிலம்’ என்னும் பொருள் தருவது. நிலக்கரி உற்பத்தியைச் சாதனையாய் முழங்கிய காலத்தில் இப்பெயரோடு இப்படங்கள் நூலாவது எளிதாயிருந்திருக்காது. 1999இல்தான், அவர் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து, அவை தனி நூலாயின.

அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1994இல், யோசெப் கௌடெல்கா என்னும் மற்றொரு செக் கலைஞர் இதே வட்டாரத்தை அகலக் காமிராவில் எடுத்து ‘கருப்பு முக்கோணம்’ என்னும் பொருளுடைய பெயரில் வெளியிட்டிருந்தார். 1968இல் சோவியத் படைகள் பிராக்கில் புகுந்ததைப் படமெடுத்து உலகறியச் செய்தவர் இவர். இவர் படங்களில் கருமை மிகுதி, சினமும் மிகுதி. சுடெக்கின் படங்களில் சினம் இல்லை. அழிந்துகொண்டிருக்கும் வீட்டு முற்றத்திலும் கோழிக்கூண்டு எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது என்று பார்க்கும் பழக்கமே தெரிகிறது. இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர் ஒரே நிலத்தின் முப்பதாண்டு வரலாற்றை அறியலாம். எனினும் முந்தியதே மனத்தில் நெடுநேரம் தங்குவது. அங்கே நிலம் இன்னும் சாகவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது.

சுடெக் படமெடுத்து முடித்த இரண்டாண்டுகளில், 1964இல், பழைய மோஸ்ட் நகரம் முழுவதையும் இடித்து அடியிலுள்ள நிலக்கரியை எடுப்பதென அரசு முடிவு செய்தது. மக்களைப் பக்கத்தில் கட்டிய புதிய நகருக்கு மாற்றினர். தெருக்களும் சந்தைத் திடலும் பள்ளிகளும் இடிபட்டன. பதினாறாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய மாதா கோவில் ஒன்றை மட்டும் காப்பதென்று தீர்மானித்தனர். ஏறக்குறைய 10,000 டன் எடையுள்ள அக்கோவிலைப் பெயர்த்து, தண்டவாளங்களின்மேல் ஏற்றி, 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 27 வரை நகர்த்தி, 841 மீட்டர் தொலைவில் நிறுத்தினர். உலகமே வியந்து பேசிய பொறியியல் செயல் அது. கோவிலைப் படமெடுக்க அப்போது எத்தனையோ காமிராக்கள் வந்தன. கோவிலைச் சுற்றியிருந்த வட்டாரத்தின் வேலிகளையும் பாதைகளையும் கொல்லைகளையும் படமெடுக்க ஒற்றைக் கையோடு ஒருவர் முன்னமே வந்து போயிருந்தார்.

நிலக்கரி தீர்ந்தது. பழைய நகரம் இருந்த பள்ளத்தில் 2008இல் நீரைப் பாய்ச்சத் தொடங்கினர். 2014இல் அது 300 எக்டருக்கு மேற்பட்ட ஏரியாய் நிறைந்தது. இடம் மாறிய கோவில் அதன் கரைக்கு அருகில் நிற்கிறது. 2020இல் ஏரி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கோடைக்காலத்தில் மக்கள் அங்கே நீந்துகின்றனர்.